சினையாடும் நுண்தாதுக்களும்

உயிர்கட்கு உணவு இன்றியமையாதது என்பது யாவரும் அறிந்த செய்தி. ஆயின், வயிறார உண்ட உயிரும் உணவின் குறையால் இறக்கக்கூடும் என்பது மாந்தர் அண்மைக் காலத்தே அறிந்துகொண்ட செய்தியாகும். பசும்புல் செழித்து நிற்கும் நிலத்தில் அப்புல்லை நாடோறும் மேய்ந்து, மேய மேய மெலிந்து, ஈற்றில் தலை சாய்த்து மடிந்த செம்மறிகளின் வரலாறும், நல்லுடல் வாய்ந்த தாயாடுகள் ஈன்றும் எழுந்து நடக்கமாட்டாமல் வீழ்ந்த குட்டிகளின் வரலாறுமே இக்கட்டுரைக்குப் பொருளாவன.

தமிழ் பயிலும் மாணவன் ஆட்டுத் தீவனத்தைப் பற்றி எழுதுவானேன் என நம் கல்லூரி விஞ்ஞான வகுப்பு நண்பர் சிலர் நகைக்கவுங்கூடும். முல்லைத் திணையை ஓராண்டு முழுதும் பாடங் கேட்டவன், அத்திணைக்குரிய ஆயர் மேய்த்த விலங்கின் வயிற்றினுள் நிகழ்வது யாதென அறிய விரும்புதல் குற்றமாகாது என்பதே அவர்கட்கு யான் கூறும் விடை. இவ்வாராய்ச்சி பெரும்பாலும் நிகழ்ந்த இடம் ஆஸ்திரேலியாவின் தென்பகுதியும் நியூஜீலந்தும் ஆதலின், ஈண்டு அந்நாட்டு நிகழ்ச்சிகளையே மிகுதியாக எடுத்துரைப்பேன்.

தென் ஆஸ்திரேலியாவின் கடலோரத்தே, சிப்பியும் சங்கும் பொடிந்து உண்டான சுண்ணாம்பு மணல்மேடுகள் நெடுந்தொலைவு பரந்து கிடக்கின்றன. ரோப் என்னும் சிற்றூரைச் சூழ்ந்த பகுதியும், அதற்கு மேற்கே கடலிலுள்ள கங்காரு தீவும் இத்தகைய மண் உடையன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டிற் குடியேறிய ஐரோப்பியர் இந்நிலங்களில் மந்தைகளை விட்டனர். புல் இருந்தது, நீர் இருந்தது, கொடு விலங்குகளின் அச்சமும் பெரிதாக இல்லை. எனினும் சில திங்கள் கழிந்தபின் ஆடுகள் மேய்ச்சலில் விருப்பொழிந்தன. கண்களினின்றும் நீர் வடிந்தது, இமையின் உட்புறமும் ஈறும் வெளிறின, உரோமம் பொலிவிழந்தது. எலும்பும் தோலுமாய் நின்ற அவ்வாடுகள் பசும்புல்லின் நடுவே பசியால் வாடுவனபோல் மடிந்தன. பால் மறந்த இளங்குட்டிகளே இந்நோய்க்கு முதலில் இரையாயின. குடியேறியோர் இதனைக் ‘கடற்கரை நோய்’ என்றனர்.

மருந்தறியாத இடையர் ஒரு வழியை மட்டும் தம் பட்டறிவால் கண்டிருந்தனர். நோயுற்ற மந்தையை உள்நாட்டிலுள்ள வேறு மண்ணுக்கு ஓட்டிச் சென்றால் அது சின்னாளில் தேறும். மீண்டும் கடற்கரைக்குக் கொணர்ந்தால் மீண்டும் மெலியும். ஆகவே நோய்க்கு வித்து காற்றிலன்று, தொற்றிலன்று, மண்ணிலேயே உளது என்பதை அவர் ஐயமின்றி உணர்ந்திருந்தனர். கற்றோர் அதனைப் பின்னர் மெய்ப்பித்தனரேயன்றி முதலிற் கண்டவர் இடையரே என்பது என் கருத்து.

இஃதே நோய் உலகின் வேறு பல இடங்களிலும் வேறு பெயர் பூண்டு நின்றது. நியூஜீலந்தின் வடதீவில் எரிமலைச் சாம்பல் படிந்த மேட்டு நிலத்தில் இதற்குப் ‘புதர்நோய்’ என்று பெயர். ஸ்காத்லாந்திலும் அதன் எல்லைப்புறக் குன்றுகளிலும் ‘ஏங்கு நோய்’ என்றனர். ஆடு ஏதோ நினைந்து ஏங்கி உருகுவதுபோல் தோன்றியமையால் அப்பெயர் வாய்த்தது போலும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ‘டென்மார்க்கு மெலிவுநோய்’ என்றனர். ஈண்டு டென்மார்க்கு என்றது ஐரோப்பிய நாட்டை அன்று. அப்பெயர் தாங்கிய தென்கடற்கரைச் சிற்றூரை என்க.

நோயுற்ற ஆடு குருதி வெளிறி நின்றமையின், குறைந்தது இரும்புச் சத்தே என நியூஜீலந்து அரசாங்க வேளாண்மைத் துறை இரசாயனியாராகிய ஆஸ்டன் கருதினார். லிமொனைட்டு என்னும் இரும்புக் கல்லைப் பொடித்து ஆடுமாடுகளுக்கு நக்கக் கொடுத்தனர். பல தேறின. கொள்கை உறுதிப்பட்டது என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆயின் ஓரிடத்து வெட்டிய கல் நோயைத் தீர்த்தது. மற்றோரிடத்துக் கல் தீர்க்கவில்லை. இரும்பு இரண்டிலும் இருந்தது. நோயைத் தீர்ப்பது இரும்பாயின் இவ்வேறுபாடு ஏன் என்னும் வினா எழுந்தது.

இம்முடிச்சை அவிழ்த்தவருள் முதன்மையானவர் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்த பில்மர், எரிக் அண்டர்வுட்டு என்னும் இருவர். நோய் தீர்தற்கு வேண்டிய லிமொனைட்டின் அளவு, குருதிக்கு வேண்டிய இரும்பின் அளவினும் மிகப் பெரிதாயிருத்தலை அவர்கள் நோக்கினர். பின்னர் அக்கல்லினின்றும் இரும்பை முற்றும் பிரித்தெடுத்து நீக்கி, எஞ்சிய சாரத்தை ஆடுகட்குக் கொடுத்தனர். இரும்பில்லாத அச்சாரமும் நோயைத் தீர்த்தது! இனி அச்சாரத்துள் அடங்கிய ஒவ்வொரு பொருளாகப் பிரித்துப் பிரித்துச் சோதித்தனர். 1935-ஆம் ஆண்டில், நோயைத் தீர்ப்பது கோபால்ட்டு என்னும் உலோகமே என வெளியிட்டனர். அதே காலத்தில் அடிலெயிடு நகரில் ஹெட்லி மார்ஸ்டனும் அவர் தம் துணைவரும் தனித்து முயன்று, கடற்கரை நோய்க்கும் கோபால்ட்டே மருந்தெனக் கண்டனர். லிமொனைட்டுக் கற்களுள் கோபால்ட்டு மாசு கலந்தவை மருந்தாயின. அம்மாசு இல்லாதவை வெறுங் கல்லாய் நின்றன. கல்லின் சிறப்புக்குக் காரணம் அதன் அழுக்கே என்பது எத்துணை வியப்புடையது!

வேண்டும் அளவைக் கேட்பின் வியப்பு இன்னும் மிகும். வளர்ந்த ஆடு ஒன்றற்கு நாளொன்றுக்கு மில்லிகிராமிற் பத்திலொரு பங்கு கோபால்ட்டுப் போதும். ஒரு கிராம் எடையுள்ள துணுக்கினை இவ்வளவில் பகிர்ந்தால் 10,000 நாட்களுக்கு வரும். அஃதாவது 27 ஆண்டுகட்கு மேல். அத்துணை ஆண்டு வாழும் செம்மறி மிக அரிது. வாழ்நாள் முழுமைக்கும் ஒரு கிராமும் வேண்டாத பொருள் இன்மையால் பெருமந்தைகள் அழிந்தன.

அவ்வுலோகம் உடலினுள் யாது செய்கின்றது என்பது பதின்மூன்று ஆண்டு வரை விளங்கவில்லை. கோபால்ட்டு உப்பைக் கரைத்து ஆட்டின் குருதிக் குழாயுள் ஊசியாற் செலுத்தினால் பயன் விளையவில்லை; வாய்வழி கொடுத்தாலோ நோய் நீங்கிற்று. மருந்து வயிற்றை நோக்கிச் செல்வதேயன்றி ஆட்டின் உடலை நோக்கிச் செல்வது அன்று என்னும் குறிப்பு இதனுள் இருந்தது. 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இரு குழுவினர், மனிதரின் கொடிய சோகை நோயைத் தீர்க்கும் செந்நிறப் பளிங்குப் பொருளொன்றை ஈரலினின்றும் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். அதுவே பீ-12 என்னும் வைட்டமின். அதன் எடையில் நூற்றுக்கு நான்கு பங்கிற்குச் சற்று மேலாகக் கோபால்ட்டு இருத்தல் கண்டு அறிஞர் திகைத்தனர். டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார் 1956-இல் அதன் முழு உருவமைப்பையும் எக்ஸ் கதிரால் கண்டறிந்தார்; 1964-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி உண்மை எளிதில் விளங்கும். அசை போடும் விலங்கின் முதல் இரைப்பை ஒரு பெருந்தாழி போல்வது. எண்ணிறந்த நுண்ணுயிர்கள் அதனுள் வாழ்ந்து புல்லைப் புளிக்கச் செய்கின்றன. பீ வகை வைட்டமின்கள் யாவற்றையும் அவையே ஆக்கித் தருதலின், ஆட்டுக்கு அவற்றை வெளியினின்றும் ஊட்ட வேண்டுவதில்லை. ஆனால் பீ-12-ஐ ஆக்குதற்கு அவற்றிற்குக் கோபால்ட்டு வேண்டும். புல்லில் அஃதில்லையேல் நுண்ணுயிர் கை வறிதாய் நிற்கும், ஆடு மெலியும். 1951-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக் கழகத்தார், கோபால்ட்டுக் குறையால் வாடிய குட்டிகட்குப் பீ-12-ஐ ஊசி வழியே செலுத்தித் தேற்றினர். புல் புளித்தலால் உண்டாகும் புரோப்பியானிக்கு அமிலத்தினின்றே செம்மறி தனக்கு வேண்டும் சருக்கரையில் பெரும்பகுதியை ஈரலில் ஆக்கிக்கொள்கின்றது. அத்தொழிலுக்குப் பீ-12 இன்றியமையாதது. எனவே உணவு உள்ளே சென்றும் உடலுக்கு ஆகாமற் போயிற்று. பின்பு உண்ணும் விருப்பமும் போயிற்று. இடையர் பசும்புல் நடுவே கண்ட பட்டினியின் காரணம் இதுவே.

மருந்து தெரிந்ததும் அதனை ஊட்டும் வகை புதிய இடராயிற்று. உப்புக் கட்டியில் கலந்து வைத்தால் சில ஆடு மிக நக்கும். சில ஆடு அதனருகே வாராது. நிலத்து உரத்தோடு கலந்து தூவலாம். சுண்ணாம்பு மிக்க மண்ணில் அது பயிருக்கு எட்டாமல் இறுகிவிடும். வாரந்தோறும் வாயில் ஊற்றலாம். ஆயிரக்கணக்கான ஆடு பரந்த வெளியில் மேயும் நாட்டில் அது யாரால் இயலும்? 1958-இல் மார்ஸ்டன் குழுவினர் ஒரு சூழ்ச்சி செய்தனர். கோபால்ட்டு ஆக்ஸைடைக் கனமான பிற பொருளோடு பிசைந்து சுட்டுச் சிறு குண்டாக்கி ஆட்டை விழுங்கச் செய்தனர். அது தன் பாரத்தால் இரண்டாம் இரைப்பையின் அடியில் தங்கிச் சிறிது சிறிதாய்க் கரைந்து பன்மாதம் பயன் தந்தது. சில ஆட்டில் குண்டின்மேல் சுண்ணாம்புத் தோல் படிந்து கரைவதைத் தடுத்தது. அதற்கும் வழி கண்டனர்: சிறு இரும்புத் திருகாணி ஒன்றையும் உடன் விழுங்கச் செய்தனர். இரண்டும் ஒன்றோடொன்று உராய்ந்து தோலைத் தேய்த்துவிடும்.

சினையாட்டின்பால் வருவோம். செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 147 நாள். வயிற்றிலுள்ள குட்டியின் எடையில் மூன்றிலிரு பங்கு இறுதி ஆறு வாரத்திலேயே வளர்கின்றது. கோபால்ட்டுக் குறைந்த தாயின் குட்டி பிறந்தவுடன் மடி தேடி எழுவதிற் பிந்துகின்றது எனவும், அத்தகைய குட்டிகள் மிகுதியாக இறக்கின்றன எனவும் ஸ்காத்லாந்திற் செய்த சோதனை காட்டிற்று. பால்குடிக் குட்டியின் முதல் இரைப்பை இன்னும் தொழில் தொடங்காமையால், அதற்குக் கோபால்ட்டை நேரே கொடுத்துப் பயனில்லை. தாய்க்குக் கொடுத்துப் பாலின் வழி சேர்த்தல் வேண்டும். அன்றேல் பீ-12-ஐயே குட்டிக்கு ஊசி வழி செலுத்தல் வேண்டும். பால் மறந்து புல் மேயத் தொடங்கும் பருவமே அதற்கு மிக்க இடுக்கண் உடைய பருவம்.

கோபால்ட்டைப் பற்றி இத்துணை விரித்தேன். எனினும் இருபதாம் நூற்றாண்டு ஆராய்ச்சிகளுள் என் நெஞ்சை மிகத் தொட்டது செம்பின் வரலாறேயாகும். ஏனெனில், அதன்கண் காலந் தவறினால் மீட்சியே இல்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்து நகருக்கு வடக்கே கிஞ்சின் என்னும் ஊர் உளது. அப்பக்கத்து நிலங்களில் ஈன்ற குட்டிகள் சில, பிறந்தபோதே எழமாட்டாமல் கிடந்தன. வேறு சில, சில வாரம் நன்கு ஓடியாடிப் பின்னர் ஒருநாள் மந்தையை ஓட்டும்போது பின்னங்கால் துவண்டு ஒருபுறமாய்ச் சாய்ந்து வீழ்ந்தன. முன்னங்காலால் எழுந்து பால் தேடும்; பின்னங்கால் அதன் ஏவல் கேளாது. அறிவு தெளிந்திருந்தது, பசியும் இருந்தது, ஆயினும் தாயைப் பின்தொடர இயலாமையால் அவை பட்டினியால் இறந்தன. எலும்பு வளைந்தமையால் நேர்வதெனச் சிலர் கருதினர். எலும்பில் குறையில்லை. மூளையிலும் முதுகுத் தண்டிலும் நரம்பிழைகளைப் போர்த்தி நிற்கும் வெண்பொருள் அழிந்திருத்தலைப் பென்னட்ஸ் என்னும் கால்நடை மருத்துவ ஆராய்ச்சியாளர் கண்டார். அவரும் சாப்மன் என்பாரும் 1937-ஆம் ஆண்டில் இதற்குக் காரணம் தாயாட்டின் செம்புக் குறையே என வெளியிட்டனர். சினையாட்டுக்குச் சிறிது செம்பு கொடுத்த மந்தையில் குட்டிகள் நலமுற்றுப் பிறந்தன.

தாயின் தோற்றத்தில் இக்குறை பெரும்பாலும் வெளிப்படாது என்பதே இதன் கொடுமை. கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் அடையாளம் உண்டு. செம்மறி உரோமத்தின் இயல்பான நெளிவு, செம்பு குறைந்தால் ஒழிந்து, உரோமம் கம்பிபோல் நீண்டு வழுவழுப்பாகும். கரிய உரோமமுடைய ஆட்டில், செம்பு குறைந்த காலத்து வளர்ந்த பகுதி வெளுத்துத் தோன்றும். செம்பு கிடைத்தபின் வளர்ந்தது மீண்டும் கறுக்கும். ஓராண்டின் உணவு வரலாற்றை ஆடு தன் உரோமத்திலேயே எழுதி வைத்திருக்கின்றது. படிக்க வல்லார் படித்துக் கொள்ளலாம்.

வீழ்ந்த குட்டிக்குச் செம்பு கொடுத்தால் எழுமோ எனின், எழாது. அழிந்த நரம்புப் போர்வை மீண்டும் உண்டாவதில்லை. நரம்பு உருவாகுங் காலம் குட்டி வயிற்றிலுள்ள காலமாதலின், தாய் சினையின் நடுப்பகுதியில் இருக்கும்போதே செம்பு கொடுத்துவிடல் வேண்டும். பிறந்த பின்னர் நோயை அறிந்த இடையன், அவ்வாண்டின் குட்டிகளுள் வீழ்ந்தவற்றிற்கு யாதும் செய்ய இயலாதவனாய், இன்னும் வீழாதவற்றைக் காப்பதிலும் அடுத்த ஆண்டுச் சினைக்கு முற்படுவதிலுமே கருத்தைச் செலுத்த வேண்டியவன் ஆகின்றான்.

இங்கிலாந்தில் டார்பிஷயர் மலைப்பக்கத்திலும் இந்நோய் நெடுங்காலமாக உண்டு. ஆடு தள்ளாடுதலால் ‘சாய்முதுகு’ என்ற பொருளில் அதனை வழங்கினர். அங்குப் புல்லைச் சோதித்தபோது செம்பின் அளவு பெரிதும் குறைந்திலது. பின்னர் ஏன் நோய்? மாலிப்டினம் என்னும் உலோகமும் கந்தகமும் தீவனத்தில் மிக்கிருப்பின், அவ்விரண்டும் முதல் இரைப்பையில் கூடி உண்டாகும் பொருள் செம்பைப் பற்றிப் பிணித்துவிடும் எனப் பிற்கால ஆராய்ச்சி விளக்கிற்று. உண்ட செம்பு உடலிற் சேராது கழிந்துபோம். நிலத்திற்குச் சுண்ணாம்பு இட்டாலும் புல்லில் மாலிப்டினம் மிகும். எனவே நிலத்தைத் திருத்தப் புகுந்தவனே அறியாமல் ஆட்டுக்கு இக்குறையை வருவித்தலும் உண்டு. ஆகையால் புல்லில் ஒரு பொருள் உளது என்பதும், ஆட்டுக்கு அது கிடைக்கின்றது என்பதும் வெவ்வேறு செய்திகள்.

இதனைப் படித்ததும் எல்லா ஆட்டுக்கும் செம்பு கொடுத்துவிடலாமே எனத் துணிவார்க்கு ஓர் எச்சரிக்கை. வீட்டு விலங்குகளுள் செம்பின் நஞ்சுக்கு எளிதில் இரையாவது செம்மறியே. ஒரு கிலோ உலர்ந்த தீவனத்தில் ஏறக்குறைய 5 மில்லிகிராம் செம்பு அதற்குப் போதும். 15 மில்லிகிராமிற்கு மேற்படின் கொட்டிலில் வளர்க்கும் ஆட்டுக்கு இடுக்கண் தொடங்கும். இவற்றினிடையே உள்ள வெளி எத்துணைக் குறுகியது பாருங்கள்! பன்றிக்கென ஆக்கிய தீவனத்தில் செம்பு மிகுதி. அதனைச் செம்மறிக்குக் கொடுத்து மந்தையை இழந்தோர் உளர். மிகுந்த செம்பு ஈரலில் ஓசையின்றிப் பல வாரம் சேர்ந்துகொண்டே இருக்கும். வெளியில் ஒரு குறியும் தோன்றாது. ஒருநாள் ஈரல் அதனைக் குருதியுள் ஒருங்கே விட்டுவிட, செங்குருதி அணுக்கள் உடைந்து, கண்ணும் தோலும் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, ஓரிரு நாளில் ஆடு இறக்கும். சினை முதிர்ச்சி, நெடுந்தொலைவு ஓட்டுதல் முதலிய துன்பங்கள் அந்நாளை விரைவிற் கொணர்கின்றன. இதற்கு மருந்தாகக் கொடுப்பது யாதெனின், முன்பு செம்பைப் பிணிக்கும் பகையெனக் கூறிய மாலிப்டினமும் கந்தக உப்புமேயாம்.

இனத்திற்கு இனமும் வேறுபாடு உண்டு. ஸ்காத்லாந்தின் கருமுக ஆடு செம்பை உணவினின்றும் குறைவாகவே ஏற்கும். டெக்ஸெல் என்னும் ஆடு மிகுதியாக ஏற்கும். ஒரே நிலத்தில் ஒரே தீவனம் உண்டு முன்னது குறையாலும் பின்னது மிகையாலும் நோயுறக்கூடும். ஆர்க்னி தீவுகளுள் ஒன்றாகிய வட ரானால்ட்சேயில், கடலோரக் கற்சுவருக்கு வெளியே நின்று கடற்பாசியையே பெரும்பாலும் தின்று வாழும் ஓர் ஆட்டினம் உண்டு. செம்பு அரிதாகக் கிடைக்கும் அவ்வுணவிற்குப் பழகிய அவற்றின் உடல், கிடைத்த செம்பை இறுகப் பற்றிக்கொள்ளும். அவற்றை உள்நாட்டுப் புல்லுக்குக் கொணர்ந்தால், பிற ஆட்டுக்கு நன்றாகிய அப்புல்லே அவற்றிற்கு நஞ்சாகின்றது.

செலினியத்தின் செய்தி இதனோடு ஒத்தது. 1817-இல் பெர்ஸீலியஸ் கண்ட இத்தனிப்பொருளை, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நஞ்சென்றே அறிந்திருந்தனர். அமெரிக்கப் பெருவெளியில் செலினியம் மிக்க புல்லைத் தின்ற குதிரையும் மாடும் குளம்பு கழன்று வீழ்ந்தன. அந்நஞ்சே சிறிதளவில் உணவாகும் என்பதை 1957-இல் எலிகளிலும், 1958-இல் செம்மறிகளிலும் காட்டினர். ஆரெகன் மாகாணத்தில் மியூத்தும் துணைவரும், குட்டிகளின் தசை வெளிறி விறைக்கும் நோயுள்ள நிலத்து வைக்கோலையே சினையாடுகட்கு இட்டு, ஒரு பகுதிக்கு மட்டும் பத்திலட்சத்தில் பத்திலொரு பங்கு செலினியம் சேர்த்தனர். அப்பகுதியின் குட்டிகள் தப்பின. இந்நோயுற்ற குட்டியின் தொடைத் தசை அவித்த மீன்போல் வெளுத்திருக்கும். நெஞ்சத் தசையும் தாக்குண்டிருப்பின், கொழுகொழுவென்றிருந்த குட்டி, மந்தை சற்று விரைந்து ஓடிய அளவிலேயே வீழ்ந்து இறக்கும். கருவுற்ற மூன்று நான்கு வாரத்திலேயே கரு அழிந்துபோதலும் செலினியக் குறையால் நிகழுமென நியூஜீலந்தார் கண்டனர். எனவே செலினியத்தைச் சினைக்கு முன்னரே கொடுக்கத் தொடங்குகின்றனர்.

இதற்கு உடன்பிறப்பெனத் தக்கது ஈ என்னும் வைட்டமின். உடலின் கொழுப்புப் பொருள்களைச் சிதையாமற் காப்பதில் இரண்டும் ஒத்துழைக்கும். ஒன்றன் குறையை மற்றொன்று ஓரளவு தாங்கும். முற்றும் ஈடு செய்யாது. செலினியம் நஞ்சுக்கொடி வழியே குட்டியைச் சென்றடையும். வைட்டமின் ஈயோ மிகச் சிறிதே செல்லும். அதனைத் தாய் சீம்பாலில் திரட்டி வைக்கின்றது. ஏ வைட்டமினும் அத்தன்மைத்தே. ஆதலின் குட்டி பிறந்த சில நாழிகைக்குள் சீம்பால் அருந்துதல் நோயெதிர்க்கும் ஆற்றலைப் பெறுதற்கு மட்டுமன்று. இவ்வுயிர்ச்சத்துக்களைப் பெறுதற்கும் அதுவே வாயில். மழையற்று நெடுங்காலம் உலர்ந்த வைக்கோலையும் தானியத்தையுமே தின்ற தாயின் சீம்பாலில் இவ்விரண்டும் குறைவாயிருக்கும். பசும்புல் தின்ற தாய்க்கு இவ்விரு வைட்டமின்களைப் பெரும்பாலும் தனியே ஊட்ட வேண்டுவதில்லை.

டீ வைட்டமினை வெயில் தருகின்றது. சீ வைட்டமினை ஆடு தன்னுடலிலேயே ஆக்கிக்கொள்ளும். ஆகவே கடைக்காரர் எல்லா வைட்டமினும் கலந்தது என விளம்பரப்படுத்தும் பொடியுள் பாதி, செம்மறிக்குப் பயனற்றது என்று துணிந்து கூறலாம்.

அயோடினைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். டாஸ்மேனியாவிலும் நியூஜீலந்திலும் தொண்டையில் கழலை பருத்து, உரோமம் குன்றிக் குட்டிகள் பிறப்பதுண்டு. கழலைச் சுரப்பே உடற்சூட்டை நடத்துவதாகலின், அத்தகைய குட்டி குளிர்ந்த மழைநாளில் விறைத்து இறக்கும். மண்ணில் அயோடின் குறைதலேயன்றி, குளிர்காலத் தீவனமாக இடும் கேல் என்னும் கோசுவகைக் கீரையும் இதற்குக் காரணமாகும். அயோடின் கழலையைச் சேராவண்ணம் அக்கீரையிலுள்ள பொருள்கள் தடுக்கின்றன. ஈனுமுன் இரு திங்களிலும் ஒரு திங்களிலும் அயோடின் உப்பை வாயில் ஊற்றித் தடுக்கின்றனர். கழலைச் சுரப்பி அயோடினை எத்துணை ஆர்வமாய்த் திரட்டும் என்பதற்கு ஒரு சான்று கூறி மேற்செல்வேன். 1956-இல் ஆஸ்திரேலியாவில் ஆங்கிலேயர் அணுகுண்டு வெடித்துச் சோதித்தபோது, அதன் துகள் எத்துணைத் தொலைவு பரவிற்று என்பதை மேலே கூறிய மார்ஸ்டனே, மேயும் ஆடுமாடுகளின் கழலைச் சுரப்பியில் திரண்ட கதிரியக்க அயோடினைக் கொண்டு அளந்தார். அரசாங்கத்தார்க்கு அவ்வளவீடு இனிமையாயில்லை.

சுண்ணாம்புச் சத்து நுண்தாது அன்றெனினும், ஈனுங் காலத்தில் அதனை மறத்தலாகாது. தானியத்தில் அது மிகக் குறைவு. ஆகவே தானியமே தின்ற சினையாட்டை, கத்தரிப்பதற்கோ இடம் மாற்றுவதற்கோ ஒருநாள் பட்டியிலடைத்துப் பட்டினியிட்டால், குருதியில் சுண்ணாம்புச் சத்துத் தாழ்ந்து அது கால் மடிந்து வீழும். தோலின்கீழ்ச் சுண்ணாம்புக் கரைசலைச் செலுத்தினால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் எழுந்து நடக்கும். இரட்டைக் குட்டி சுமந்த தாய் உணவு போதாமையால் மயங்கி வீழ்வதும் ஏறக்குறைய இவ்வாறே தோன்றும். ஆயின் அதற்கு வேண்டுவது சருக்கரைச் சத்தும் நல்லுணவுமேயன்றிச் சுண்ணாம்பு அன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் காலந்தாழ்த்தின் தாயும் குட்டியும் ஒருங்கே இறக்கக்கூடும்.

இற்றைநாள் இந்நாடுகளில் அறிவுடைய மந்தையாளர், ஆடு மெலிந்த பின் மருந்து தேடுவதில்லை. இனச்சேர்க்கைக்கு முன்னரே சில ஆட்டின் குருதியைச் சோதிப்பிக்கின்றனர். இறைச்சிக்கு அறுத்த ஆடுகளின் ஈரலினின்றும் துணுக்கு எடுத்துச் செம்பும் பீ-12-உம் அளப்பிக்கின்றனர். குருதியிற் செம்பு நன்றாயிருந்தும் ஈரலில் இருப்பு வற்றியிருக்கலாம் ஆதலின், ஈரலின் சான்றையே மிக நம்புகின்றனர். செம்பு குறைந்ததாயின், செம்பு ஆக்ஸைடின் சிறு கம்பித் துணுக்குகள் நிறைந்த குளிகையைச் சினையின் நடுவில் விழுங்கச் செய்கின்றனர். அவை நான்காம் இரைப்பையின் மடிப்புகளில் தங்கி மெல்லக் கரையும். செம்பு குறையாத நிலத்தில் அக்குளிகையைத் தொடுவதே இல்லை. ஒரே பண்ணையில் மேட்டு நிலத்து மந்தைக்கு ஒரு முறையும் தாழ்நிலத்து மந்தைக்கு வேறு முறையும் கையாள்வாரும் உளர். மழை மிக்க ஆண்டில் புல் விரைந்து வளர்ந்து தாதுக்கள் அதில் நீர்த்துப்போதலும் உண்டாதலின், சென்ற ஆண்டின் கணக்கை இவ்வாண்டிற்கு அப்படியே கொள்ளாமல், ஒவ்வோராண்டும் புதிதாகச் சோதித்தே எத்தாதுவை எம்மந்தைக்கு எத்திங்களிற் கொடுப்பதென முடிவு செய்கின்றனர்.